தீராத செவ்வாய்க்கிழமை

திருச்செங்கோட்டுப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு போர்வெல் லாரி நிற்கும். அதில் ஒரு லாரியில் வேலை பார்த்த நாலு பேரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நல்லவர்கள், சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். தொந்தரவே அதில்தான்.

லாரிக்குப் பொறுப்பு அர்த்தநாரி. பாவம், அவனுக்கு அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நிச்சயம். வருஷக்கணக்கில் பெண் பார்த்தும், மாப்பிள்ளை தலையில் எந்நேரமும் பாறைத்தூசி என்று ஒவ்வொரு வீட்டிலும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் பூங்கோதை என்ற புண்ணியவதி சரி என்றிருந்தாள். நூல்மில் ஆபீசில் வேலை பார்க்கிறவள்.

"நாலு மணின்னா நாலு மணிக்கு வந்துடோணுமுங்க. எங்கப்பாவுக்கு நேரம் தவறுனா ஆகாது, கதவைச் சாத்திருவாரு" என்று போனில் சொல்லியிருந்தாள்.

அதே வாரம் பார்த்து முதலாளியின் மகள் கவுசல்யா பெங்களூரிலிருந்து வந்து, லாரிப் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள்.

"என்ன வேலை செஞ்சாலும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு இதுல போடணும். போட்டு முடிக்காம யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இன்னொண்ணு, போட்டது ஒண்ணு செஞ்சது ஒண்ணுன்னு இருக்கவே கூடாது. நிச்சயம் நடக்கற வெள்ளிக்கிழமையும் இதேதான், அர்த்தநாரி."

"ஆகட்டுங்க அம்மிணி" என்றான் அர்த்தநாரி.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. கட்டைவிரல் வேகமாக ஓடுவது நாச்சிமுத்துவுக்குத்தான். அவன் போனை வாங்கிக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்தான்.

"லாரி ஓட்டுனது, போட்டாச்சு. ராடு இறக்குனது, போட்டாச்சு. சோறு தின்னது, போட்டாச்சு. போலாமா?"

"இரு" என்றான் குழந்தைவேலு. கணக்கில் கண்டிப்பானவன். "இத்தன நேரம் உக்காந்து போட்டுக்கிட்டிருந்தியே, அது வேலையில்லையா?"

நியாயம்தானே என்று எல்லோருக்கும் பட்டது. 'பதிவு போட்டது' என்று நாச்சிமுத்து ஒரு பதிவு போட்டான்.

"இப்ப இதைப் போட்டியே, அதுக்கு?"

அதையும் போட்டான். அதைப் போட்டதற்கும் போட்டான். அர்த்தநாரி மணியைப் பார்த்தான். வெள்ளிக்கிழமையும் இப்படியே போட்டுக்கொண்டிருந்தால் பூங்கோதை வீட்டுக் கதவு சாத்தியது சாத்தியதுதான். நல்ல வேளையாகப் போனில் சார்ஜ் தீர்ந்து தானாக அணைந்தது. நாலு பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை லாரி நிழலில் ஆலோசனை நடந்தது. கூட்டத்தில் மூத்தவர் சென்னிமலை. மீசை நரைத்ததால் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

"சாயங்காலம் எழுதறதாலதான் லேட்டாவுது. காலையிலயே எழுதிட்டா?"

"செய்யாத வேலையை எப்படீங்கண்ணா எழுதறது?"

"எழுதிட்டு அப்புறம் அது மாதிரியே செஞ்சாப் போச்சு."

அடேயப்பா, இந்த மூளை இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அர்த்தநாரி அசந்து போனான். நாள் முழுவதும் நடக்கப்போவதை யோசித்து யோசித்து எழுதினார்கள். பதிவு போடும் நேரத்தையும் முன்கூட்டியே போட்டுவிட்டதால் அந்தத் தொல்லை ஒழிந்தது. "நம்ம லாரி பஞ்சராகாத நாள் உண்டா?" என்று குழந்தைவேலு கேட்க, மத்தியானத்துக்கு மேல் ஒரு பஞ்சரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று மாரப்பன் என்ற விவசாயியின் தோட்டத்தில் போர். உச்சிப் பொழுதுக்குள் தண்ணீர் பீறிட்டு வந்தது. மாரப்பன் கண்ணில் நீர் வழிய நாலு பேரையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதையும் நாச்சிமுத்து மறக்காமல் போனில் சேர்த்துவிட்டான்.

அதற்கப்புறம்தான் சங்கடம். பஞ்சர் ஆகவேண்டிய நேரம் வந்தது, பஞ்சர் வரவில்லை. டயர் ஒவ்வொன்றும் கல் மாதிரி இருந்தது.

"போட்டது ஒண்ணு செஞ்சது ஒண்ணாயிடுமே!" என்று அர்த்தநாரி பதறினான்.

மாட்டுக் கொட்டகைச் சுவரில் இருந்து சென்னிமலை ஒரு ஆணியைப் பிடுங்கி வந்தார். குழந்தைவேலு சுத்தியலால் ஒரே போடு. உஸ்ஸென்று காற்று இறங்கியதும் நாலு பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. மாரப்பன் சுவரில் ஆணி இருந்த ஓட்டையையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பதிவெல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் காலையில் எழுதவே வெகுநேரம் பிடித்திருந்தது. அர்த்தநாரி கவுசல்யாவுக்குப் போன் போட்டான்.

"வெள்ளிக்கிழமை எனக்கு நிச்சயமுங்களே அம்மிணி. இதை வேகமாப் போட ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

"அட, முந்தின நாள் மாதிரியே வேலைன்னா திரும்ப எதுக்கு எழுதறீங்க? கீழே 'நேற்றுப்போல்'னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க. ஒரு அமுக்கு, முடிஞ்சுது."

புதன்கிழமை காலை நாச்சிமுத்து அமுக்கினான். நேற்றைய பதிவு முழுதும் இன்றைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுதும் வேலையே இல்லை. நாலு பேரும் கைதட்டி மகிழ்ந்துவிட்டு, லாரியை நேராக மாரப்பன் தோட்டத்துக்கு விட்டார்கள்.

"ஏனப்பா, எதையாச்சும் மறந்துட்டுப் போயிட்டீங்களா?" என்றார் மாரப்பன்.

"இல்லீங்க. போர் போட வந்தோமுங்க."

"நேத்துத்தான போட்டீங்க?"

"அதனாலதாங்க இன்னிக்கும்" என்றார் சென்னிமலை.

போட்ட குழியிலேயே மறுபடி ராடை இறக்கினார்கள். தண்ணீர் உடனே வந்துவிட்டது. ஆனால் உச்சிப் பொழுதுக்குத்தான் வரவேண்டும் என்று பதிவில் இருந்ததால், இன்ஜினை ஓடவிட்டு அதுவரைக்கும் அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றார்கள். நேரம் வந்ததும், "ஏனுங்க, கட்டிப் பிடிக்கோணுமுங்க" என்று அர்த்தநாரி பணிவாக ஞாபகப்படுத்தினான். மாரப்பன் இரக்கப்பட்டுக் கட்டிப் பிடித்தார். கண்ணீர்தான் வரவில்லை. சென்னிமலை அவருக்கு ஒரு வெங்காயம் கொடுத்தார்.

வியாழக்கிழமையும் லாரி வந்தது. மாரப்பன் ஆணியோடு வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சோப்பும் துண்டுமாகக் குளிக்க வந்துவிட்டார்கள். அலுவலகத்தில் கவுசல்யாவோ, பதிவு ஒரு நிமிஷம்கூடப் பிசகாமல் வருகிறதே என்று பூரித்துப்போயிருந்தாள்.

டயரில் ஆணி இறங்கும்போதுதான் அர்த்தநாரிக்குப் பொறி தட்டியது.

"அண்ணா, புதன்கிழமை நாம செஞ்சது செவ்வாய்க்கிழமை வேலை. இன்னிக்குச் செய்யறதும் செவ்வாய்க்கிழமை வேலை. நாளைக்கும் அமுக்குனா?"

"நாளைக்கும் செவ்வாய்தான்."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

சென்னிமலை மீசையைத் தடவிக்கொண்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நம்ம லாரிக்கு இனிமே வெள்ளிக்கிழமை இல்லப்பா" என்றார் துக்கத்தோடு.

அர்த்தநாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வாராது வந்த பெண். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பூங்கோதைக்குப் போன் போட்டான்.

"ஏனுங்க, நிச்சயத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு மாத்த முடியுமுங்களா? எனக்கு வெள்ளி வரமாட்டேங்குதுங்க."

வேறொருத்தியாக இருந்தால் அந்த நிமிஷமே போனை வைத்திருப்பாள். பூங்கோதை பொறுமையாக முழுதும் கேட்டாள்.

"எங்க மில்லுலயும் அதே ஆப்தானுங்க. எங்க வீட்டு வேலைக்குக்கூட அதைத்தான் வெச்சிருக்கோம். மேல 'புது வேலை'ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அதை அமுக்கி நிச்சயம்னு போட்டுட்டு வாங்க. அவ்வளவுதான்."

என்ன அறிவு, என்ன அறிவு என்று நாலு பேரும் போனைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நிச்சயம் அமர்க்களமாக நடந்தது. அர்த்தநாரியின் அம்மாவை முன்னால் உட்காரவைத்து, பழத்தட்டுகளை ராடுகளுக்கு நடுவில் கட்டி, போர்வெல் லாரியிலேயே போய் இறங்கினார்கள். மணி சரியாக நாலு. பூங்கோதையின் அப்பா கைலாசம் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். உப்பும் சர்க்கரையும் வைத்துத் தட்டு மாற்றினார்கள். காபி கொடுக்கும்போது கைலாசத்தின் கை தவறிக் குழந்தைவேலுவின் வெள்ளைச் சட்டையில் ஒரு டம்ளர் கொட்டியதைத் தவிர ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் பதிவில் ஏற்றிவிட்டு அர்த்தநாரி அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

சனிக்கிழமை காலை. பழகிய கட்டைவிரல் சும்மா இருக்குமா? நாச்சிமுத்து 'நேற்றுப்போல்' பட்டனை அமுக்கிவிட்டான்.

நாலு பேரும் போனைச் சுற்றி நின்றார்கள். நேற்றைய நிச்சயம் முழுதும் இன்றைய இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"போட்டாச்சு" என்றார் சென்னிமலை கடைசியில். "போட்டது ஒண்ணு செஞ்சது ஒண்ணுன்னு இருக்கக் கூடாது."

"மறுபடி போயி நின்னா என்னைப் பைத்தியக்காரன்னு சொல்லிப் பொண்ணு தரமாட்டாங்களே, அண்ணா!"

"அதுக்கு என்னப்பா பண்றது?"

துவைத்துப் போட்டிருந்த நேற்றைய ஈர வேட்டியையே கட்டிக்கொண்டு, புதிதாகப் பழம் வாங்கித் தட்டில் அடுக்கி, அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வழியெல்லாம் அர்த்தநாரி கும்பிடாத சாமி இல்லை. பஞ்சர் எதையும் யாரும் எழுதாமலே லாரி நிஜமாகப் பஞ்சராகி, நாலேகாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. கதவு சாத்தியிருந்தது. சரி, வாழ்க்கை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அவன் கதவைத் தட்டினான்.

பூங்கோதை திறந்தாள். நேற்றுக் கட்டிய அதே பட்டுப்புடவை, தலையில் அதே அளவு மல்லிகை. உள்ளே பாய் விரித்துத் தட்டெல்லாம் தயாராக இருந்தது.

"ஏனுங்க இத்தன நேரம்? நேத்து நாலு மணிக்கெல்லாம் வந்துட்டீங்களே! நாங்க காலையிலயே அமுக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றாள்.

அர்த்தநாரிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இவளல்லவா பெண் என்று அப்படியே நின்றான். அவளுக்குப் பின்னால், கையில் ஆவி பறக்கும் காபி டம்ளரோடு கைலாசம் எட்டிப் பார்த்தார்.

"அந்த வெள்ளைச் சட்டைத் தம்பி எங்கப்பா? சீக்கிரம் முன்னால வரச் சொல்லு, காபி ஆறுது!"