உட்கார்ந்து சொன்ன கூலி

வேலை போன பிறகுதான் தயாபரன் சீடரானார். அதற்கு முன் பதினேழு வருடம் அவர் கணினி நிறுவனத்தில் டீம் லீடர். தனக்குக் கீழே இருந்தவர்களுக்கு லீவு கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில் இருந்தது. கடைசியில் ஒரு நாள் அவருக்கே நிரந்தர லீவு கொடுத்தார்கள்.

குருவின் பெயர் ஹசீனா. வயதில் தயாபரனைவிடப் பத்து வருடம் இளையவர். ஒரு காலத்தில் அவருடைய டீமிலேயே இருந்தவர். யாரும் போகச் சொல்லாமலேயே வேலையை விட்டுவிட்டு, கரும்புக்கடைப் பகுதியில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோவையில் வேலை இழந்து, இனித் தனியாகத்தான் பிழைக்க வேண்டும் என்று ஆனவர்கள் சனிக்கிழமைகளில் அவரிடம் வழி கேட்டு வந்தார்கள். குரு என்று முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். நாளடைவில் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றது.

ஹசீனா யாருக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. தனியாளாக வேலை செய்யும் ஒருவர் தன் இணையப் பக்கத்தில் 'எங்கள் குழு' என்று எழுதியிருந்தார். ஆள் பலம் இருப்பதாகக் காட்டினால் வேலை கிடைக்கும் என்று நினைப்பு. அப்படி எழுதலாமா என்று கேட்டார். அடுத்த வாரம் குழுவில் எல்லோரையும் பிரியாணிக்குக் கூட்டி வரச் சொன்னார் ஹசீனா. வந்தவர் ஒருவர்தான். தட்டு ஐந்து வைத்திருந்தது. அவர் தலைகுனிந்து தின்றுவிட்டுப் போய், கை ஈரம் காய்வதற்குள் அந்தப் பக்கத்தை மாற்றினார்.

தயாபரன் சனிக்கிழமைவரை காத்திருக்க முடியாமல் ஒரு புதன்கிழமை மத்தியானமே வந்துவிட்டார்.

பெல்ஜியத்தில் மார்ட்டன் என்பவருக்குப் பெரிய சரக்குக் கிடங்குகள் இருந்தன. அவற்றுக்கான மென்பொருளைத் தயாபரன் ஒரு வருடமாக எழுதி வந்தார். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த வருடத்துக்கு என்ன ரேட் என்று கேட்க மார்ட்டன் அன்று மத்தியானமே அழைப்பார். கூலி என்று சொன்னால் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் கூசும். ரேட் என்றால் கூசாது.

தயாபரனின் கையில் இருந்த ஒரே வேலை அது. அது போனால் மகளைக் கல்லூரியில் சேர்ப்பதை ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டியிருக்கும். காலையில் தோசை சுட்டுக்கொண்டே மனைவி இதைச் சொல்லியிருந்தார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

"எவ்வளவு கேக்கறது, ஹசீனா?"

"நீங்க எவ்வளவு நெனச்சிருக்கீங்க?"

தயாபரன் விளக்கினார். நிறுவனத்தில் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை வேலை நாட்களால் வகுத்து, அதை ஒரு நாளின் மணிகளால் வகுத்திருந்தார். கணக்கில் பிசகில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அது அந்தக் கம்பெனிக்காரன் உங்களுக்குப் போட்ட ரேட்டுங்ணா. வெளிய அனுப்பறப்ப அடையாள அட்டையைக் கழட்டி வாங்கிட்டாங்க. இதை மட்டும் கழுத்துலயே விட்டுட்டாங்களா?"

உண்மையில் தயாபரனிடம் இன்னொரு தொகையும் இருந்தது. அதைவிடப் பெரியது, வரும் வழியில் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்த தொகை. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவும் வெட்கமாகிவிட்டது. அதை அவர் ஹசீனாவிடம் சொல்லவில்லை.

போன வருடம் ரேட் பேசியபோது என்ன நடந்தது என்று கேட்டார் ஹசீனா. தயாபரன் மறைக்காமல் சொன்னார். ஃபோனில் மார்ட்டனிடம் தன் ரேட்டைச் சொன்னார். மார்ட்டன் பேசவில்லை. அந்த அமைதி தாங்காமல் தயாபரனே கொஞ்சம் குறைத்தார். அப்போதும் மார்ட்டன் பேசவில்லை. இன்னும் குறைத்தார். அதற்குப் பிறகுதான் மார்ட்டன் வாயைத் திறந்து, ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டுக் காபி கொண்டுவரப் போயிருந்ததாகவும் கடைசியாகச் சொன்ன தொகை மட்டும்தான் காதில் விழுந்ததாகவும் அது தனக்குச் சம்மதம் என்றும் சொன்னார்.

ஹசீனா சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார்.

"அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு அவர்கிட்ட லீவு கேட்டீங்களே, அவர் என்ன சொன்னாரு?"

"என்கிட்ட ஏன் கேக்கறீங்கன்னாரு."

அப்போது தயாபரனின் ஃபோன் மணியடித்தது. மார்ட்டன்தான். இன்னும் சற்று நேரத்தில் பேசலாமா என்று மட்டும் கேட்டார். தயாபரன் உரத்த குரலில் இரண்டு தடவை நன்றி சொன்னார். வைத்துவிட்டுப் பார்த்தால், ஹசீனா அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு எந்திரிச்சீங்க?"

எழுந்ததே தயாபரனுக்குத் தெரியவில்லை. நாற்காலி பின்னால் தள்ளிக்கிடந்தது. அவர் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய அப்பா சிங்காநல்லூரில் நூற்பாலைத் தொழிலாளி. மேஸ்திரி வந்தால் டீ குடிக்கும் இடத்திலும் எழுந்து நிற்பார். எழாவிட்டால் அன்றைய சம்பளத்தில் வெட்டு விழும். அவருக்குக் காரணம் இருந்தது. மகனோ கடல் தாண்டி இருப்பவருக்கு, பார்க்கவே முடியாதவருக்கு எழுந்து நிற்கிறார். நடுவில் கடன் வாங்கிப் பட்டம் படித்ததன் பலன் இது.

"நீ இன்னும் பதில் சொல்லலையே" என்றார் தயாபரன், மறுபடி உட்கார்ந்து.

ஹசீனா உள்ளே போனார். வரும்போது தோளில் அவருடைய ஒன்றரை வயதுப் பெண் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே தயாபரனின் மடியில் கிடத்தினார்.

"பிடிங்க. காது வலின்னு ராத்திரி பூராவும் அழுதுட்டு இப்பத்தான் கண்ணை மூடினா. முழிச்சாள்னா சாயங்காலம் வரைக்கும் நீங்கதான் தூக்கிட்டு நடக்கணும்."

"எனக்கு ஃபோன் வருமே, ஹசீனா."

"வரட்டும். எனக்குச் சமையல்கட்டுல வேலை இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. ஃபோன் மணியடித்தது.

தயாபரனின் முழங்கால்கள் தாமாக எழப் பார்த்தன. குழந்தையின் தலை நழுவியது. அவர் பதறி அதை முழங்கையில் தாங்கிக்கொண்டார். மறு கையால் ஃபோனை எடுத்துக் காதில் வைத்து, ஹலோ என்றார். அவ்வளவு மெதுவாக அவர் எந்த முதலாளியிடமும் பேசியதில்லை.

மார்ட்டன் ரேட் என்ன என்று கேட்டார்.

முதலில் சொல்ல வேண்டிய முன்னுரை ஒன்று தயாபரனிடம் தயாராக இருந்தது. தன் அனுபவம், விலைவாசி, மார்ட்டன் மேல் வைத்திருக்கும் மரியாதை எல்லாம் அதில் உண்டு. அத்தனையையும் சொன்னால் குழந்தை எழுந்துவிடும். எது சொல்லச் சின்னது என்று பார்த்தார். தொகைதான் சின்னது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்த அந்தத் தொகையைச் சொன்னார்.

மார்ட்டன் பேசவில்லை.

குறைத்துச் சொல்ல தயாபரன் வாயைத் திறந்தார். குழந்தை உதட்டைப் பிதுக்கிச் சிணுங்கியது. அவர் வாயை மூடிக்கொண்டு தொடையை லேசாக ஆட்டினார். குழந்தை ஒரு நீண்ட மூச்சு விட்டது. அந்தப் பக்கமும் யாரோ மூச்சு விடுவது கேட்டது. இந்தத் தடவை காபி எடுக்கப் போகவில்லை.

நான் நினைத்ததைவிட அதிகம், என்றார் மார்ட்டன்.

"ஆமாம்" என்றார் தயாபரன்.

அப்படியானால் சனிக்கிழமைகளிலும் வேலை செய்ய முடியுமா என்று மார்ட்டன் கேட்டார்.

"முடியாது."

தயாபரன் குழந்தையின் காதில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மார்ட்டன், வருடம் முழுவதற்கும் இப்போது வாக்குக் கொடுக்க முடியாது, ஆறு மாதத்துக்கு இந்த ரேட்டில் போவோம், மற்றதை அப்புறம் பேசுவோம் என்றார்.

"சரி."

ஃபோனை வைத்த பிறகும் தயாபரன் எழவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. சட்டைக் கையில் குழந்தையின் எச்சில் ஈரமாகப் பரவியிருந்தது.

ஹசீனா கை துடைத்துக்கொண்டே வந்தார். வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று கேட்கவில்லை. குனிந்து குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆறு மாசத்துக்குக் குடுத்திருக்காரு" என்றார் தயாபரன். தொகையையும் சொன்னார். இப்போதும் குரல் தாழ்ந்தே இருந்தது. "நான் கேட்டது சரியான ரேட்தானா, ஹசீனா?"

ஹசீனா குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

"பாப்பா முழிக்கலையேங்ணா."