புருவம் வரை வந்த மாப்பிள்ளை

கல்யாணத் தரகில் எனக்கு இருபது வருஷ அனுபவம். ஆனாலும் ஓட்டைக்குளத்து அண்ணன்மார் மூவரும் தங்கை உலகம்மாளுக்கு மாப்பிள்ளை பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் தலை சுற்றுகிறது.

மதுரை மாப்பிள்ளை தன் போட்டோவை இமெயிலில் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம். முகம் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று உலகம்மாளும் சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டர் விற்றவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்: 'போன் லைன் வழியாக நெட்டைக் கொண்டுவரும் மோடத்தின் வேகம் ஐம்பத்தாறாயிரம். போர்ட் வேகத்தை ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறில் வைக்கவும். நெட் ஓடும்போது யாரும் போனை எடுக்கக் கூடாது.'

மூத்தவர் குற்றாலிங்கம் மூன்று முறை படித்தார். "ஐம்பத்தாறாயிரம் தாங்குற மோடத்துக்கு ரெட்டிப்பா ஊத்தச் சொல்லுதான். வாயில்லாச் சீவன் என்ன செய்யும்?"

"விக்கிச் செத்துரும்ணே," என்றார் அடுத்தவர் சங்கிலி. "முந்நூறுல வைப்போம். மெல்லச் சாப்பிடட்டும்."

வைத்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் வரை மாப்பிள்ளையின் தலைமுடி மட்டும் இறங்கியது.

"நல்ல அடர்த்தி. சம்மதம் சொல்லிருவமா?" என்று கேட்டார் குற்றாலிங்கம்.

"தலைமுடிக்கா கழுத்த நீட்டப் போறேன்? சீட்டுல உள்ளபடி வைங்கண்ணே!" உலகம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்படியே வைத்தார்கள். படம் சரசரவென்று இறங்கியது. முடி, நெற்றி, புருவம். கண் வரும் நேரத்தில் கடைசி அண்ணன் மாடசாமி போனை எடுத்துக் காதில் வைத்தார். லைன் அறுந்தது.

"ஏம்ல எடுத்த?" என்று பாய்ந்தார் சங்கிலி.

"யாரும் எடுக்கக் கூடாதுல்லா? யாராவது எடுத்துட்டாங்களான்னு பாத்தேன்."

"பொறுப்பான பய," என்று குற்றாலிங்கம் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாளும் சேர்த்துப் பதினோரு முறை தொடங்கினார்கள். பதினோரு முறையும் மாடசாமி பொறுப்பாகவே இருந்தார்.

நான் எப்போது கூப்பிட்டாலும் அவர்கள் வீட்டுப் போன் எங்கேஜ்டு. பொறுக்க முடியாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையை நேரிலேயே கூட்டிப் போய் நிறுத்தினேன். உலகம்மாள் எட்டிப் பார்க்கக் கதவோரம் வந்தாள். அதற்குள் குற்றாலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மாப்பிள்ளையின் புருவத்துக்குக் கீழே மறைத்துக் கட்டிவிட்டார்.

"மன்னிக்கணும். எங்களுக்கு இதுவரைக்குந்தான் வந்திருக்கு. மிச்சமும் இறங்கட்டும்."

சம்பந்தம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துவிட்டேன்.

துண்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளை சொன்னார்: "நியாயந்தானே. அவசரமில்ல, நான் நிக்கேன்."

"எனக்குச் சம்மதம்ணே," என்றாள் உலகம்மாள். "இவரு நம்ம வீட்டுக்குன்னே பொறந்தவரு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாடசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி சொல்ல ஓடிப்போய்ப் போனை எடுத்தார்.

"லைன் போச்சு! மறுபடி முதல்லேருந்து வரணும்!" என்று அலறினார் சங்கிலி.

மாப்பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டு, துண்டை உச்சந்தலை வரை இழுத்து மூடிக்கொண்டார்.