தன் பெயரைச் சொல்லக்கூடாத சம்பள உயர்வு

கையெழுத்துப் போடும் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேளுங்கள்.

மேலக்கரைப்பட்டி பேரூராட்சியில் வருடா வருடம் ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரே அளவில் சம்பளம் கூட்டுவார்கள். அதற்கு மேல், ஊருக்காக நன்றாக உழைத்த ஒருவருக்கு மட்டும் தனியாக ஓர் உயர்வு உண்டு. ஓய்வு பெறும்வரை அது கூடவே வரும். பங்கு போட முடியாது. அதை முடிவு செய்யும் கூட்டத்திலேயே பெயர் எழுதாவிட்டால் யாருக்கும் கிடையாது.

கவுன்சிலர்கள் தத்தம் வார்டு ஆளுக்காக மல்லுக்கு நிற்பது அங்கே வழக்கம். புதிதாகத் தலைவரான பூங்கோதைக்கு அது பிடிக்கவில்லை. தகுதியுள்ள ஊழியர்களே சொல்லட்டும், ஆனால் யாரும் தன் பெயரைச் சொல்லக்கூடாது, இன்னொருவரைக் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று விதி வைத்தார். அந்த வருடம் அதற்குத் தகுதியான பணிக்காலம் முடித்திருந்தவர்கள் மூன்று பேர்தான்.

குடிநீர்க் குழாய் பார்க்கும் சூசை முதலில் எழுந்தார். அவர் மனைவிக்குப் பிரசவத்தில் ஆபத்தானபோது ஓடிவந்து ரத்தம் கொடுத்தவர் தூய்மைப் பணியாளர் மாரக்காள். "தாயும் புள்ளயும் வீட்டுக்கு வந்தது இந்த அக்காவாலதான். அவங்களுக்கே குடுங்க" என்றார்.

மாரக்காள் தலையாட்டி மறுத்துவிட்டு, தெருவிளக்கு பார்க்கும் காதரைக் காட்டினார். தன் மகள் கல்யாணத்தில் மூன்று நாளும் லீவு போட்டுப் பந்தலுக்கு விளக்குக் கட்டிய பிள்ளை, ஒரு பைசா வாங்கவில்லை என்றார்.

காதரோ சூசையைச் சொன்னார். புயல் வெள்ளத்தில் குழாய் உடைந்தது. சாக்கடை கலப்பதற்குள் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி வால்வை அடைத்தவர் சூசை. ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை.

"அது சம்பளத்துக்குச் செஞ்ச வேலைப்பா. அக்கா ரத்தம் குடுத்தது சம்பளத்துக்கா?" என்றார் சூசை.

ஆளுக்கொரு ஓட்டு. மூத்த கவுன்சிலர் சிரித்தார். "நாங்க அடிச்சுக்கிட்டப்பவாவது ஒரு பேரு தேறுச்சு, தலைவரம்மா."

பூங்கோதைக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாபகம் மங்கிப்போன அவருடைய அம்மா ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விட்டார். பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்து, முகம் கழுவி, இட்லி ஊட்டி, கைபிடித்து அழைத்து வந்தவர் மாரக்காள். பேனா தானாகவே மாரக்காள் பக்கம் சாய்ந்தது. சூசை கேட்ட கேள்வியும் நியாயமாகத்தான் பட்டது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூவரில் யார் பெயரை எழுதுவது சரி?

விடை: சூசையின் பெயரை. ரத்தமும் பந்தல் விளக்கும் விலைமதிப்பில்லாதவைதான். ஆனால் அந்த நன்றி சூசையின் வீட்டுக்கும் மாரக்காளின் வீட்டுக்கும் உரியது. ஊர் கொடுக்கிற பணம் ஊருக்குச் செய்ததற்குத்தான் போக வேண்டும். மூன்று காரணங்களில் ஊர் இருந்தது காதர் சொன்னதில் மட்டுமே. சம்பளத்துக்குச் செய்த வேலைதான், ஆனாலும் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கு என்று எந்தச் சம்பளமும் சொல்லவில்லை. பூங்கோதை சூசையின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மாரக்காளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், அம்மாவுக்குப் பக்கத்தில் இலை போட்டு, தன் கையாலேயே பரிமாறினார்.