குழந்தைவேலு மாஸ்டரின் பித்தம் இறங்கிய கதை

நெட்டூர்ப் பக்கத்தில் சமையல் மாஸ்டர் குழந்தைவேலுவைத் தெரியாத கல்யாண வீடே கிடையாது. அவரும் அவருடைய கையாட்கள் சிங்காரம், பெத்தபெருமாள், அய்யாக்கண்ணு மூவரும் சேர்ந்தால் ஓர் ஊருக்கே சமைத்துப் போடுவார்கள். சமைப்பதைத் தவிர வேறு எதையாவது செய்யச் சொன்னால்தான் ஆபத்து.

ஒரு நாள் மாஸ்டருக்குத் தலை கிறுகிறுத்தது. நாக்கெல்லாம் கசப்பு. காப்பி கசந்தது, கேசரி கசந்தது. ஒரு காதுகுத்து வீட்டில் சாம்பாரை ருசி பார்த்தார், அதுவும் கசந்தது. ஓர் அச்சு வெல்லத்தைத் தட்டிப் போட்டார். இன்னும் கசந்தது. இன்னும் போட்டார். அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் அதைப் பாயசம் என்று நினைத்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரக் கடைசியில் ரைஸ்மில் சபாபதி வீட்டுக் கல்யாணம். அதிலும் இப்படி ஆனால் அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். மாஸ்டர் கையாட்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, டவுனில் இருந்த வைத்தியம்மாவிடம் போனார்.

வைத்தியம்மா நாடி பிடித்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள்.

“பித்தம் தலைக்கு ஏறியிருக்கு.”

பெத்தபெருமாள் எட்டி, மாஸ்டரின் தலைத்துண்டைத் தூக்கிப் பார்த்தான். “மேலே ஒண்ணும் காணோமேம்மா.”

“உள்ளே ஏறியிருக்குடா! இதுக்கு விளாம்பழம்தான் மருந்து. பித்தத்தைத் தணிக்கும், நாக்குக் கசப்பை எடுக்கும், நல்லாப் பசியைக் கிளப்பும். பழுத்ததா எடுத்து, ஓடு உடைச்சு, வெல்லம் பிசைஞ்சு, காலையில வெறும் வயித்துல கொடுங்க. போங்க.”

ஒரு சொல்கூடச் சிந்திவிடக் கூடாதென்று சிங்காரம் ஊர் வரும் வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலையில் விளாம்பழத்தை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“முதல்ல ‘எடுத்து’. எடுங்க மாஸ்டர்,” என்றான் சிங்காரம். மாஸ்டர் எடுத்தார்.

“அடுத்தது ‘ஓடு’.”

“எங்கேடா ஓடறது?”

“அதை அம்மா சொல்லலை. நாமளா ஒரு இடத்தைச் சொன்னா மருந்து முறிஞ்சுடும்.”

நியாயமாகத்தான் பட்டது மாஸ்டருக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழத்தை நெஞ்சோடு அணைத்தபடி வீட்டைச் சுற்றி ஓடினார். தொந்தி அவருக்கு முன்னால் ஓடியது.

“போதுமாடா?” என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

“அடுத்தது ‘உடைச்சு’. உடையற வரைக்கும் ஓடணும் மாஸ்டர்.”

ஓடினார். கடைசியில் துவைக்கிற கல் தடுக்கிக் குப்புற விழுந்தார். பழம் உடைந்தது. கையாட்கள் கை தட்டினார்கள். மாஸ்டருடைய முழங்காலும் உடைந்திருந்தது.

“எதை உடைக்கணும்னு அம்மா தெளிவாச் சொல்லலை,” என்றான் அய்யாக்கண்ணு. “ரெண்டும் உடைஞ்சது நல்லதாப் போச்சு.”

வெல்லத்தைப் பிசைந்தார்கள். இனி வெறும் வயிறு. மாஸ்டரின் சட்டையைக் கழற்றினார்கள், பனியனைக் கழற்றினார்கள், மல்லாக்கப் படுக்க வைத்தார்கள்.

“அரைஞாண் கயிறு இருக்கே, இது வெறும் வயிறுதானா?” என்று பெத்தபெருமாள் சந்தேகப்பட்டான்.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். “அது இடுப்பைச் சேர்ந்தது. வயித்துக் கணக்குல வராது,” என்று சிங்காரம் தீர்ப்புச் சொன்னான்.

பிசைந்ததை வயிற்றில் அப்பினார்கள். ஜில்லென்று இருந்தது. தொப்புள் வழியாக மருந்து உள்ளே போவது தெரிகிறது என்று மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

வெல்லவாசனைக்கு எறும்புகள் வந்தன. முதலில் வரிசையாக வந்தன, அப்புறம் கூட்டமாக வந்தன. மருந்துக்கு இடைஞ்சல் ஆகிவிடுமோ என்று மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். எறும்புகள் விளாம்பழத்தைத் துளி விடாமல் தின்றுவிட்டு, அவரையும் அங்கங்கே ருசி பார்த்துவிட்டுப் போயின.

“மருந்து பூரா எறும்புக்குள்ள போயிடுச்சு மாஸ்டர்,” என்றான் பெத்தபெருமாள்.

“இனிமே அதுகளுக்குப் பித்தமே வராது,” என்றார் மாஸ்டர், வயிற்றைச் சொறிந்துகொண்டே, கொஞ்சம் பொறாமையோடு.

கல்யாணத்துக்கு முதல் நாள் மறுபடியும் வைத்தியம்மா வீட்டுக்கு ஓடினார்கள். நடந்ததைக் கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தானே ஒரு பழத்தை உடைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, மாஸ்டரின் வாயைத் திறக்கச் சொல்லி ஊட்டினாள்.

“இனிக்குதும்மா!” மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இனிக்கும். பித்தம் தானா இறங்கிடும். கிளம்புங்க.”

திரும்பும் பஸ்ஸில் நாலு பேருக்கும் பித்தம் எங்கே இறங்கும் என்றே கவலை. கண்டக்டர் வந்தார். “யாருப்பா, அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கணுமா?”

“நாங்க இல்லைங்க. பித்தம் இறங்கணும்,” என்றார் மாஸ்டர்.

“எந்த ஊர்ல இறங்கணும்?”

“அதைத்தாங்க எங்களுக்கும் சொல்லலை.”

ஆள் பெயர் போலிருக்கிறது என்று கண்டக்டர் முன்னால் போய்விட்டார். பஸ் நெட்டூருக்கு வந்து நின்றது.

“கடைசி ஸ்டாப்பிங்! எல்லாம் இறங்கு, எல்லாம் இறங்கு!”

மாஸ்டர் எழுந்தார். சிங்காரம் அவர் கையைப் பிடித்து இழுத்தான். “எல்லாம்னா பித்தமும் இப்போ இறங்கிட்டிருக்கும். நாமளும் கூடவே இறங்கினா உங்களை அடையாளம் கண்டு திரும்பவும் ஏறிக்கும். உட்காருங்க.”

ராத்திரி அங்கேயே தங்கும் பஸ் அது; அன்றைக்கு முழுக்க அவர்கள் இறங்கவே இல்லை. விடிந்ததும் சபாபதி வந்து கெஞ்சினார், திட்டினார், மறுபடியும் கெஞ்சினார். முகூர்த்தம் நெருங்கவே வேறு வழியில்லாமல் அண்டாக்களை பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து, அடுப்பு மூட்டினார். மாஸ்டர் உள்ளேயிருந்து சொல்லச் சொல்லக் கல்யாண வீட்டாரே சமைத்தார்கள். மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கரண்டியை வாங்கி ருசி பார்த்தார். சாம்பார் சாம்பாராகவே இருந்தது. “உப்பு ஒரு கை போடு!” என்று பழைய குரலில் அதட்டினார். பந்தி அங்கேயே நடந்தது. இப்படியொரு சாப்பாடு சாப்பிட்டதே இல்லை என்றார்கள்.

சிங்காரம் மட்டும் பஸ் படியை விட்டு நகரவில்லை. ஏற வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, “நீங்க பித்தமா?” என்று கேட்டான். டிரைவர் இல்லை என்றார். கண்டக்டர் இல்லை என்றார். சபாபதிகூட இல்லை என்றுதான் சொன்னார்.

கடைசியாக, மாஸ்டருக்கு நன்றி சொல்வதற்காக மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக வந்து படியில் கால் வைத்தார்.

“நீங்க பித்தமா?”

மாப்பிள்ளை பஸ்ஸைப் பார்த்தார். டயர் ஓரத்தில் கொதித்த அண்டாவைப் பார்த்தார். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்தார்.

“காலை வரைக்கும் இல்லைங்க,” என்றார்.