முதலாளி தட்டிக் காட்டிய வாழை

கோபி நகருக்குப் பக்கத்தில் தீர்த்தகிரி என்றொரு வாழைத்தோட்டக்காரர் இருந்தார். வாழையைப் பற்றித் தமக்குத் தெரியாதது வாழைக்கே தெரியாது என்பார்.

அவர் தோப்பில் பாதி, போன வருசம் வாடல் நோயில் செத்தது. மண்ணிலிருந்த ஒரு பூஞ்சைதான் காரணம். அதனால் இந்த வருசம் வேலையாள் பூவாத்தா, வேளாண் முகாமில் கொடுத்த நல்ல பூஞ்சைக் கரைசலில் கன்றுகளை நனைத்து நட்டாள். அது வேருக்குள் குடியிருந்து நோயை அண்டவிடாதாம். பாதிக் கன்றுகளுக்குத்தான் கரைசல் போதுமானதாக இருந்தது; மீதியை நனைக்காமலே நட்டாள்.

ஆறு மாதம் கழித்து விஷயம் முதலாளி காதுக்கு எட்டியது. ஆட்கள் எல்லோர் முன்னாலும் குதித்தார்.

“என் தோப்புக்கே பூஞ்சை வெச்சியா? அந்த மரத்தையெல்லாம் பொழுது சாயறதுக்குள்ளே பிடுங்கு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!”

“பிடுங்கறனுங்க. ஆனா அது உள்ளுக்குள்ள இருக்குதுங்க, கண்ணுக்குத் தெரியாது. முதலாளிதான் தட்டிக் காட்டோணும்.”

முதலாளி மீசையைத் தடவியபடி நடந்தார். மஞ்சளடித்துத் துவண்ட மரங்களாகப் பார்த்துத் தட்டினார்.

“இது, இது, இது. பச்சையா நிக்கறதெல்லாம் சுத்தம். அதுல கை வெச்சே, பார்த்துக்க!”

பூவாத்தா அவர் தட்டியதையெல்லாம் பிடுங்கிப் போட்டாள்.

“ஆச்சுங்க. இதெல்லாம் கரைசல் படாத மரமுங்க. கை வைக்காதேன்னீங்களே, அதுக்குள்ளதான் நான் வெச்ச பூஞ்சை இருக்குதுங்க. அதையும் பிடுங்கட்டுங்களா?”

ஆட்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி தொண்டையைச் செருமினார்.

“வேண்டாம். அடுத்த நடவுல எல்லாக் கன்னையும் நனைச்சிரு. ஆனா பூஞ்சைன்னு யார்கிட்டயும் சொல்லாதே.”

“வேற என்னன்னு சொல்றதுங்க?”

“என் யோசனைன்னு சொல்லு!”