பால் பொங்காத அடுப்பு

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போயிருந்த உறவுக்காரர் ஒருவர் சொல்லக் கேட்டதுதான். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடியவர். அதனால் சந்தேகமாகத் தோன்றியதை விட்டுவிட்டு, மற்றதை மட்டும் எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டில் அர்த்தநாரி என்று ஒருவர். போர்வெல் வண்டி வைத்துத் தொழில் செய்தவர். ஒரு வண்டியில் ஆரம்பித்து, வடக்கே போய், பிறகு கடல் தாண்டி ஆப்பிரிக்காவிலும் கிணறு போட்டார். அறுபத்தொரு வயதில், ஊருக்கு வெளியே கரடு என்கிற ஒரு சின்னக் குன்றின் மேல் நாற்பத்திரண்டு அறைகளோடு வீடு கட்டி முடித்தார். கட்டி முடிக்க ஏழு வருடம் ஆயிற்று.

அவருடைய குரு வஞ்சியம்மாள், காவிரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். வயது நாற்பத்து மூன்று. சீடர் மூத்தவர் என்பதால் குரு அவரை "அண்ணா" என்பார். குரு என்பதால் சீடர் அவரை "அம்மா" என்பார். இரண்டு பேருக்கும் இதில் சங்கடம் இல்லை. புதிதாக வருகிறவர்கள்தான் குழம்பிப் போவார்கள்.

பால் காய்ச்ச நாள் குறித்த பிறகு அர்த்தநாரி கொட்டகைக்கு வந்தார். கைபேசியைத் திறந்து ஒவ்வொரு படமாகக் காட்டினார்.

"உலகத்துலயே விலை உசந்த வீடுகள்னு ஒரு பத்திரிகை வருசா வருசம் பட்டியல் போடுதுங்கம்மா. அதுல பாதிய நானே நேர்ல போய்ப் பாத்துட்டேன். இந்த வீட்டுல குளிக்கிற தொட்டி ஒத்தக் கல்லுல குடைஞ்சது. இங்க மாடிக்கு மாடி காருக்குத் தனி லிஃப்ட். இந்த வீட்டுல ஒரு ரூம்புக்குள்ள பனி பெய்யுதுங்க."

"எதுக்குங்ணா பனி?"

"அது எனக்கும் தெரியலீங்க. ஆனா நம்ம வீட்டுலயும் வச்சுட்டேன்."

குரு சிரித்தார். அர்த்தநாரி சிரிக்கவில்லை.

"எல்லாம் வச்சாச்சுங்கம்மா. எம் வீட்டுக்காரி பாவாயிக்குத்தான் பிடிக்கல. பனி ரூம்பக் காட்டினா, ஐஸ் பொட்டிக்குள்ள உக்கார நான் என்ன மீனான்னு கேக்கறா. கடைசியா ஒண்ணு சொல்லிட்டா. பால் பொங்கினா இங்க இருப்பாளாம். பொங்கலைன்னா வந்த வண்டியிலயே பழைய வீட்டுக்குப் போயிருவாளாம். அப்புறம் எத்தன நல்ல நாள் பாத்தாலும் வரமாட்டாளாம். விளையாட்டுக்குச் சொல்லலீங்க, அவ சொன்னா சொன்னதுதான். அவ மனசார இருக்கணும்னா இன்னும் எதைங்கம்மா நான் வைக்கணும்?"

"பாலை வைங்க."

"அது காய்ச்சிரலாமுங்க. அதென்ன பெரிய வேலைங்களா?"

"நானும் வர்றேன்" என்றார் குரு.

பால் காய்ச்சும் நாள் காலையில் கரட்டின் மேல் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். உறவுக்காரர்கள் பாதி, போர்வெல் வண்டி ஆட்கள் பாதி. ஹோமத்தை வெளியே புல்தரையில் முடித்துவிட்டார்கள். உள்ளே புகை ஆகாது என்று வீட்டின் கருவிகளுக்குப் பொறுப்பான பொறியாளர் ஜெசிந்தா முதலிலேயே சொல்லியிருந்தார். கூரையில் அங்கங்கே சின்னச் சின்னப் பொத்தான்போல ஏதோ பதித்திருந்தது. புகை பட்டால் அது தண்ணீரைக் கொட்டும்.

பாவாயி ஒரு துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திறங்கினார். மாற்றுப் புடவை ஒன்று, மாத்திரை, கண்ணாடிக் கூடு. பையை யார் வாங்க வந்தும் கொடுக்கவில்லை.

அர்த்தநாரி குருவுக்கு வீட்டைக் காட்டிக்கொண்டே போனார்.

"கதவு சத்தம் போடாதுங்கம்மா, தானா சாத்திக்கும். குழாயைத் திறந்து விட்டுட்டு வந்தாலும் தானா நின்னுக்கும். தரையில ஒரு சொட்டு விழுந்தா அந்த மெசின் ஓடி வந்து துடைச்சுரும். இந்த வீட்டுல எதுவும் சிந்தாதுங்க."

"எதுவுமேங்களா?"

"எதுவுமே" என்றார் அர்த்தநாரி. பெருமையில் அவருக்குக் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

நல்ல நேரம் எட்டரை வரை. எட்டு மணிக்குச் சமையலறையில் எல்லாரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அடுப்பு என்று பார்த்தால் அடுப்பே இல்லை. கறுப்புக் கண்ணாடி மேடை மட்டும் இருந்தது. பாவாயி கிழக்கே பார்த்து நின்று, புதுப் பாத்திரத்தில் பசும்பாலை ஊற்றி வைத்தார். ஜெசிந்தா கண்ணாடியைத் தொட்டார். ஒரு சிவப்பு வட்டம் எரிந்தது.

பால் சூடேறியது. ஓரத்தில் நுரை கட்டியது. ஏடு தூக்கிக்கொண்டு மேலே வந்தது. கழுத்துவரை வந்தது. எல்லாரும் வாயைத் திறந்தார்கள்.

டிங் என்று ஒரு சத்தம். சிவப்பு வட்டம் அணைந்தது. பால் இறங்கிப் போயிற்று.

"என்னாச்சுங்க?" என்றார் அர்த்தநாரி.

"பொங்கப் போகுதுன்னு தெரிஞ்சா தானா அணைஞ்சிடும் சார்" என்றார் ஜெசிந்தா. "அதுதான் இந்த மாடலோட சிறப்பு. நீங்கதான் கேட்டு வாங்கினீங்க."

"அதைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க."

"அதை நாம நிறுத்த முடியாது சார். கம்பெனிக்கு எழுதினா, அதை நிறுத்தற ரகசிய எண்ணை அவங்க அனுப்புவாங்க."

"எப்ப அனுப்புவாங்க?"

"ரெண்டு வேலை நாள்ல."

மறுபடியும் வைத்தார்கள். டிங். சின்னப் பாத்திரத்தில் வைத்தார்கள். டிங். விளிம்பு தட்டும் அளவுக்குப் பாலை ஊற்றி வைத்தார்கள். அடுப்பு சூடாகவே மறுத்துவிட்டது.

பாவாயியின் அண்ணன் ராக்கியண்ணன் கூட்டத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"மாப்ளே, முந்நூறு பேருக்குப் பந்தி போட்டுட்டீங்க. இந்த அடுப்புக்கு யாராச்சும் பத்திரிகை வச்சீங்களா? கோவிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க."

சிரிப்பு எழுந்தது. அர்த்தநாரி பாவாயியைப் பார்த்தார். பாவாயி சிரிக்கவில்லை. பையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார்.

"வெளிய வச்சுக் காய்ச்சிக்கலாமே" என்றார் யாரோ.

"வெளிய பொங்கினா அது புல்லுக்குத்தான்" என்றார் பாவாயி. "சமையக்கட்டுல பொங்கணும். மணி என்னாச்சுங்க மாமா?"

"எட்டு பத்து" என்றார் அர்த்தநாரி.

"வண்டிக்காரரைப் போயிரச் சொல்லலியே?"

"இல்ல பாவாயி."

"நிக்கச் சொல்லுங்க."

அர்த்தநாரி தண்ணீர் இல்லாத ஊர்களில் அறுநூறு அடி, எண்ணூறு அடி என்று இறக்கிக்கொண்டே போய், கீழே வெறும் தூசி வருவதைப் பார்த்து நின்றிருக்கிறார். அப்போதுகூட இப்படித் தவித்ததில்லை. குருவிடம் போனார்.

"அம்மா, ஏதாச்சும் சொல்லுங்க."

குரு பாவாயியிடம் கேட்டார். "ஏனுங்க்கா, மூணு செங்கல்லு வச்சுப் பத்த வச்சா எத்தன நேரத்துல பொங்கும்?"

"பால்தான் சூடா இருக்கே. ஹோமத்துல மிஞ்சின விறகு நல்லாக் காஞ்சது. மூணு நிமிசம்."

குரு ஜெசிந்தாவிடம் கேட்டார். "புகை பட்டா எத்தன நேரத்துல தண்ணி கொட்டும்?"

ஜெசிந்தா பதறிப் போனார். "ஒரு நிமிஷம் மேடம். இங்க மட்டும் இல்ல, கீழ்த்தளம் முழுக்கக் கொட்டும். கூடத்துல பட்டுத் துணி ஒட்டின சுவர் இருக்கு. கம்பளம் இருக்கு. பியானோ இருக்கு."

"பியானோ யாரு வாசிப்பாங்க?" என்றார் ராக்கியண்ணன்.

ஜெசிந்தா அர்த்தநாரியைப் பார்த்தார்.

குரு அர்த்தநாரியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, குடை இருக்குங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

அர்த்தநாரி கூரையைப் பார்த்தார். கதவுக்கு அப்பால் கூடத்துச் சுவரைப் பார்த்தார். தேன் நிறப் பட்டு, ஆள் வந்து ஒரு மாதம் ஒட்டியது. வெள்ளைக் கம்பளத்தைப் பார்த்தார். அதன்மேல் இதுவரை அவர்கூடக் கால் வைத்ததில்லை. பிறகு பாவாயியின் அக்குளில் இருந்த பையைப் பார்த்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நாற்பத்திரண்டு அறையில் ஒரு குடை இல்லை. டிரைவர் வைத்திருந்த கறுப்புக் குடையைக் காரிலிருந்து எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். அதற்குள் வண்டி ஆட்கள் மூன்று செங்கல்லைச் சமையலறை நடுவில் வைத்து, விறகை அடுக்கியிருந்தார்கள்.

குடையைக் குருவிடம் நீட்டினார்.

"எங்கிட்ட ஏனுங்ணா தர்றீங்க? நீங்களே பிடிங்க."

நெருப்பு பற்றியது. நெய் ஊறிய விறகு. புகை நேராக மேலே போயிற்று. பாவாயி குனிந்து ஊதப் பார்த்தார். பை இடைஞ்சலாக இருந்தது. அதைப் பக்கத்து மேடையில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறினார்.

கூரை கொட்டத் தொடங்கியது.

முதலில் எல்லாரும் கத்தினார்கள். பட்டுப்புடவைகள் ஓடின. ஒரு சித்தப்பா சாம்பார் வாளியின் மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அர்த்தநாரி குடையை விரித்து, பாவாயிக்கும் பாத்திரத்துக்கும் மேலே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவருடைய முதுகில் தண்ணீர் அடித்தது.

"இந்தப் பக்கம் சாயுங்க மாமா. நெருப்புல படுது."

"சரி பாவாயி."

"ரொம்பச் சாயாதீங்க. எம்மேல கொட்டுது."

"சரி பாவாயி."

"நேராப் பிடிக்கத் தெரியாதா? ஆயிரம் அடிக்குக் குழாய மட்டும் நேரா இறக்கத் தெரியுது."

பால் நுரைத்தது. ஏடு தூக்கியது. கழுத்துக்கு வந்தது. ஒரு பக்கம் வழிந்தது. பிறகு நாலு பக்கமும் வழிந்தது. செங்கல்லில் சுரீர் என்றது.

"பொங்கிருச்சு!" என்று பாவாயி கத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததை என் உறவுக்காரர் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். வண்டி ஆட்களுக்குத் தலைக்கு மேலே தண்ணீர் கொட்டினால் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். கிணற்றில் ஊற்று பீறிட்டு அடிக்கும்போது செய்வதையே செய்தார்கள். துண்டைத் தலையில் கட்டி, விசிலடித்து, "தண்ணி வந்திருச்சு!" என்று கூவிக்கொண்டு கூடத்தில் ஆடினார்கள். வெள்ளைக் கம்பளத்தில் முப்பது பேர் ஆடினார்கள். ராக்கியண்ணன் பியானோவைத் திறந்து பத்து விரலாலும் குத்தினார். அதில் வாசித்த முதல் பாட்டு அதுதான்.

"மாப்ளே, ஊருக்கெல்லாம் கீழ இருந்து தண்ணி எடுத்தீங்க. உங்களுக்கு மேல இருந்து வந்திருச்சே!"

பாவாயி சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்து, நனைந்த தரையிலேயே கையை ஊன்றிக்கொண்டார். அர்த்தநாரி குடையை மடக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

ஜெசிந்தா எங்கேயோ போய் ஏதோ ஒரு குழாயை மூடிய பிறகுதான் தண்ணீர் நின்றது. அதற்குள் கணுக்கால் அளவுக்கு நிறைந்துவிட்டது. துடைக்கிற இயந்திரம் மிதந்துகொண்டு போயிற்று. பட்டு, சுவரிலிருந்து பெரிய பட்டையாக உரிந்து தொங்கியது.

பாவாயி எழுந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். பித்தளைத் தம்ளர்களில் ஆளுக்கொரு வாய்ப் பால் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துச் சுற்றிலும் பார்த்தார்.

"ஏனுங்க, சீமாறு எங்க?"

அர்த்தநாரிக்கு அது காதில் ஏறவில்லை. கூடத்துச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோசம் கொஞ்சம் வடிந்து, கலக்கம் வந்து உட்கார்ந்திருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த குருவிடம் போய் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, நாளன்னைக்கு அந்தப் பத்திரிகையிலிருந்து படமெடுக்க வர்றாங்க. இது உலகத்துல எத்தனையாவது வீடுன்னு அவங்கதான் பாத்துச் சொல்லணும். இப்பப் பாருங்க, சுவரு போச்சு. கம்பளம் போச்சு. வரவேண்டாம்னு சொல்றதா, எல்லாத்தையும் மாத்திட்டு அப்புறமா வரச்சொல்றதா? நான் இப்ப என்னங்கம்மா பண்றது?"

குரு முந்தானையைப் பிழிந்தார். தண்ணீர் நீளமாக வடிந்தது. நன்றாகப் பிழிந்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

"வீட்டுக்காரங்க தொடப்பம் எங்கன்னு கேக்கறாங்க" என்றார். "பதில் சொல்லுங்கண்ணா."

அர்த்தநாரி மடித்துக் கட்டிய வேட்டியோடு வாசலைப் பார்த்து நடந்தார்.

கேட்டதில் எவ்வளவு உண்மை என்று தெரியாமல் பிறகு ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போனேன். வீட்டுக்குள் போகக் கூச்சமாக இருந்தது. கரட்டுக்குக் கீழே ஒரே ஒரு மளிகைக் கடை இருக்கிறது. கடைக்காரரிடம் விசாரித்தேன். அன்று காலை ஒன்பது மணிக்கு முன்னால் அர்த்தநாரி நடந்தே வந்து நாலு ஈக்குமாறு வாங்கிப் போனார் என்றார். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்ததாம். கடைக்காரர் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தாராம். மழை இல்லை.