கல்லுக்குப் பின்னால் ஒரு குழி

அல்லிக்குளத்தின் கரைமேல் ஒரு செந்நிறக் கல் நின்றது. காட்டு விலங்குகள் அதைக் கரைச்சாமி என்று கும்பிட்டன. கரைச்சாமிக்குப் பூ வேண்டாம், பழம் வேண்டாம். தினமும் காலையில் ஒவ்வொரு விலங்கும் ஒரு வாய் ஈரமண் கொண்டுவந்து கரையில் போட்டு மிதிக்க வேண்டும். அதுதான் பூசை.

விதிகள் இரண்டு. கரையில் யாரும் கிழங்கு தோண்டக் கூடாது. கல்லுக்குப் பின்னால் பூசாரியைத் தவிர வேறு யாரும் போகக் கூடாது.

பூசாரி ஒரு முள்ளம்பன்றி. அது உடம்பைச் சிலிர்த்து முட்களைச் சலசலவென்று ஆட்டினால் பூசை தொடங்கிவிட்டது என்று பொருள். பூசை முடிந்ததும், “வயிறு காய்ந்தாலும் கரையில் கை வைக்காதீர்கள்” என்று சொல்லி எல்லோரையும் அனுப்பும்.

கரையின் மறுபக்கச் சரிவில், குளத்து மட்டத்துக்குக் கீழே, செம்பி என்ற கீரி வளை வைத்திருந்தது. அதற்கு மூன்று குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை. சுற்றிலும் வெறும் பாறை. மேலே கழுகு வட்டமிட்டபடியே இருக்கும். அதனால் குட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றவும் வழியில்லை.

ஒருநாள் காலையில் வளையின் சுவர் ஈரமாக இருந்தது. செம்பி மோந்து பார்த்தது. குளத்துத் தண்ணீரின் வாசம்! உடனே ஈரம் வந்த வழியே மேலே ஏறிப் போனது. அந்த வழி கல்லுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது.

அங்கே ஒரு பெரிய குழி. குழிக்குள் முள்ளம்பன்றி கிழங்கு தின்றுகொண்டிருந்தது.

“பூசாரி ஐயா, இது என்ன?”

முள்ளம்பன்றி அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டது. “நீ இங்கே வரலாமா? விதி தெரியாதா?”

“என் வளைக்குள் தண்ணீர் கசிகிறது. அதைத் தேடித்தான் வந்தேன். தோண்டியது நீங்களா?”

“ஒரே ஒரு கிழங்கு, அம்மா. பூசை செய்கிறவனுக்கும் வயிறு இருக்கிறதே.”

குழி ஒரு கிழங்கின் ஆழத்தில் இல்லை. செம்பி உள்ளே புகுந்தால் வால்கூட வெளியே தெரியாது.

“இன்றைக்கே மூடிவிடுங்கள், ஐயா. மழை வந்தால் கரை தாங்காது.”

“மூடுகிறேன். ஆனால் வெளியே சொல்லிவிடாதே. சொன்னால் நாளைக்கு ஒருவரும் கும்பிட வரமாட்டார்கள். அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்.”

செம்பி பயந்துபோய் வாயை மூடிக்கொண்டது. நான்கு நாள் பொறுத்தது. ஒவ்வொரு நாளும் சுவரைத் தொட்டுப் பார்த்தது. ஈரம் குறையவில்லை. குட்டிகளை வளைக்குள்ளேயே மேட்டுப் பக்கம் நகர்த்தியது. ஈரம் அங்கேயும் வந்தது.

ஐந்தாம் நாள் மேற்கே மேகம் கறுத்தது. செம்பி ஓடிப்போய்ப் பார்த்தது. குழி முன்னைவிட ஆழமாகியிருந்தது. பாதி கடித்த கிழங்கு ஒன்று புதிதாகக் கிடந்தது.

இனிப் பொறுக்க முடியாது என்று நினைத்தது செம்பி. பூசை நடக்கும்போதே எல்லோர் முன்னாலும் வந்து நின்றது. “கல்லுக்குப் பின்னால் பூசாரி ஐயா குழி தோண்டியிருக்கிறார். உடனே அடைக்க வேண்டும்” என்றது.

“பொய்” என்றது முள்ளம்பன்றி.

கருவாயன் என்ற காட்டுப்பன்றி விதியைப் பார்க்கவில்லை. நேரே கல்லுக்குப் பின்னால் போயிற்று. திரும்பி வந்தபோது அதன் வாயில் ஒரு நீண்ட முள் இருந்தது.

“பரவாயில்லையே! கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தின்றிருக்கிறார்” என்றது கூட்டத்தில் இருந்த ஒரு மந்தி.

கருவாயன் சிரிக்கவில்லை. “பசியில் என் குட்டி கிழங்குக்காக இந்தக் கரையில் மூக்கை வைத்தது. சாமி குற்றம் என்று அதை முட்டித் தள்ளினேன். இனி இந்தக் கல்லுக்கு என்னிடமிருந்து ஒரு பிடி மண் கிடையாது.”

அது கொண்டுவந்த மண்ணைக் கரைக்கு வெளியே உதைத்துத் தள்ளிவிட்டு நடந்தது. மற்றவையும் அப்படியே செய்தன. குழியை அடைக்க ஒருவரும் நிற்கவில்லை.

இடி இடித்தது. செம்பி தனியாக மண் சுமக்கத் தொடங்கியது. அதன் சின்ன வாயில் எவ்வளவு மண் கொள்ளும்?

“நான் போய் அவர்களைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டது முள்ளம்பன்றி.

“நீங்கள் கூப்பிட்டால் வரமாட்டார்கள். மண்ணைச் சுமந்து போடுங்கள்” என்று சொல்லிவிட்டுச் செம்பி கருவாயனிடம் ஓடியது.

“அண்ணே, கொஞ்சம் வாங்க. குழியை அடைக்கணும்.”

“அந்தத் திருடன் தின்ற குழியை நான் எதற்கு அடைக்கணும்?”

“கீழே என் குட்டிகள் கிடக்கின்றன, அண்ணே.”

கருவாயன் வானத்தைப் பார்த்தது. “சாமிக்காக என்று மட்டும் சொல்லாதே. வருகிறேன்.”

“சொல்லவில்லை.”

கருவாயனின் கூட்டம் வந்தது. மந்தி சில கற்களை உருட்டிக்கொண்டு வந்தது. பலர் வரவே இல்லை. முள்ளம்பன்றி வாய் நிறைய மண்ணோடு குழியருகே வந்தபோது கருவாயன் தோளால் இடித்து விலக்கியது. “நீ ஓரமாகப் போடு.” முள்ளம்பன்றி அப்படியே ஓரமாகப் போட்டது.

குழி முக்கால் நிறைவதற்குள் மழை கொட்டியது. கரையின் ஒரு மூலை சரிந்தது. தண்ணீர் சரிவில் பாய்ந்தது. செம்பி வளைக்குள் பாய்ந்து இரண்டு குட்டிகளைக் கவ்வி வந்து மேலே போட்டது. மறுபடி உள்ளே போனது. கழுத்தளவு தண்ணீரில் துழாவி மூன்றாவதையும் எடுத்தது. அது அசையவில்லை. செம்பி நக்கிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து அது தும்மியது.

குட்டிகள் பிழைத்தன. வளை போயிற்று. குளத்தில் பாதித் தண்ணீர் போயிற்று. அந்தக் கோடையில் காடு முழுவதும் தாகத்தில் தவித்தது.

முள்ளம்பன்றி உண்மையாகவே திருந்தியது. அதற்குப் பிறகு அது ஒரு கிழங்கையும் தொடவில்லை. குளத்தில் தண்ணீர் நிற்க வேண்டுமே என்று விலங்குகள் மறுபடி காலையில் மண் கொண்டுவந்தன. போட்டன, மிதித்தன, போயின. முட்கள் சலசலத்தபோது ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் முள்ளம்பன்றி செம்பியிடம் கேட்டது: “நான் இப்போது தோண்டுவதில்லை, அம்மா. நீயாவது ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகக் கூடாதா?”

“தெரியும், ஐயா. கும்பிடத்தான் ஒவ்வொரு நாளும் நிற்கிறேன். கண் தானாகக் கல்லுக்குப் பின்னால் போய்விடுகிறது” என்றது செம்பி.

வழிபாட்டை முன்னின்று நடத்துகிறவர் நெறி தவறினால், மக்கள் அவரை மட்டும் விட்டு விலகுவதில்லை, அவர் காட்டிய சாமியையும் சேர்த்தே விட்டு விலகுகிறார்கள்.